மழைக்கு ஒதுங்கும் இடம் வேறு, மின்னலுக்கு ஒதுங்கும் இடம் வேறு

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நாங்கள் பத்துப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ராயக்கோட்டை மலை, கிருஷ்ணகிரி கோட்டை என்று ஏறுவோம். மற்ற நாட்களில் வறண்ட ஏரிக்குள் கிரிக்கெட். சித்திரை பிறந்ததிலிருந்து சாயங்காலமானால் இடி மின்னல் பிடித்துக்கொள்கிறது. போன வாரம் மலை உச்சியில் மாட்டிக்கொண்டோம். எல்லோரும் செல்போனை அணைத்துவிட்டு, ரப்பர் செருப்பைக் கழற்றாமல், பாறை இடுக்கில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். செய்தது சரியா? அடுத்த வாரம் வத்தல்மலை போகிறோம். அம்மா ஆடு மேய்க்கிறார், அவருக்கும் என்ன சொல்வது?"

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் தம்பி. செல்போனை அணைத்ததில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. செருப்பால் ஒரு பயனும் இல்லை. பாறை இடுக்கில் நெருக்கியடித்து உட்கார்ந்தீர்களே, அன்று நீங்கள் செய்ததிலேயே ஆபத்தான காரியம் அதுதான். நனைந்துகொண்டே இறங்கியிருந்தால் அதைவிடப் பரவாயில்லை.

நமக்கு இருப்பதெல்லாம் மழைக்கு ஒதுங்குகிற பழக்கம். தூறல் விழுந்ததும் கால் தானாகப் புளியமரத்தடிக்குப் போகும். இல்லையென்றால் பாறை இடுக்கு, தகரக் கொட்டகை, பஸ் ஸ்டாப் நிழற்குடை, ஏரிக்கரை அரசமரம். இவை எல்லாம் தலை நனையாமல் காப்பவை. மின்னலுக்கு இவற்றில் ஒன்றும் உதவாது, சில இடங்கள் வெட்டவெளியைவிட மோசம். மின்னல் தாக்கிய செய்தியைப் பேப்பரில் படித்துப் பாருங்கள், "மழைக்காக மரத்தடியில் ஒதுங்கியபோது" என்ற வரி திரும்பத் திரும்ப வரும். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் இயற்கைச் சீற்றங்களால் இறந்தவர்கள் 8,060 பேர். அதில் மின்னலால் மட்டும் 2,887 பேர், அதாவது மூன்றில் ஒருவருக்கும் மேல். புயல் என்றால் டிவியில் ஒரு வாரம் ஓடும். மின்னல் ஒருவர் இருவராக எடுத்துப் போவதால் நமக்குப் பயம் வருவதில்லை.

நான் மின்சார லைன் வேலையில் காலம் தள்ளியவன். எர்த் குழி (மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் குழி) போடுவது, மண்ணின் தடையை மெக்கர் வைத்து அளப்பது, இடிதாங்கி பொருத்துவது எல்லாம் கைப்பழக்கம். அதனால் மேகத்தைப் பற்றிச் சுருக்கமாகவும் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியும் சொல்கிறேன். ஆளைக் கொல்கிற விஷயம் பெரும்பாலும் மண்ணில்தான் நடக்கிறது.

மேகத்துக்குள் பனித்துகள்களும் ஆலங்கட்டிக் குருணைகளும் மோதி மோதி மின்னேற்றம் பிரிகிறது. மேகத்தின் அடிப்பகுதியிலிருந்து ஒரு மின்தடம் சுமார் ஐம்பது ஐம்பது மீட்டராகத் தாவித் தாவி இறங்கும். அது தரையை நெருங்கும்போது கீழே உயர்ந்து நிற்கிற மரம், கோபுரம், செல்போன் டவர், மனிதத் தலை என்று பல இடங்களிலிருந்து மேல்நோக்கிப் பொறி கிளம்பும். எந்தப் பொறி போய் முதலில் தொடுகிறதோ அந்த வழியாக மொத்தமும் பாயும். சாதாரண மின்னலிலேயே 30,000 ஆம்பியர் அளவு வரும். வீட்டு மின்விசிறி அரை ஆம்பியர்கூட எடுக்காது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மின்னல் தடத்தில் வெப்பம் 30,000 டிகிரி செல்சியஸ் வரை போகும். அந்தச் சூட்டில் காற்று சட்டென்று விரிந்து வெடிக்கிற சத்தம்தான் இடி.

எங்கே விழுவது என்பது தரைக்கு மேல் கடைசிச் சில பத்து மீட்டர் தூரத்தில்தான் முடிவாகிறது. சுற்றுவட்டாரத்தில் எது உயரம், எது தனியாக நிற்கிறது என்பதே அங்கே கணக்கு. சட்டைப்பையில் இருக்கும் செல்போனோ கழுத்துச் சங்கிலியோ இடுப்பில் செருகிய அரிவாளோ மின்னலைக் கூப்பிடாது. சார்ஜரில் செருகிய போனை வீட்டுக்குள் பேசுவது வேறு விஷயம். ஊர் முழுக்க ஓடும் கம்பியில் எங்கேயோ விழுந்த மின்னல் அந்த வயர் வழியாகக் கைக்கு வரலாம். வெளியில் போன் ஆபத்தில்லை, ஆபத்து நேரத்தில் 108-ஐக் கூப்பிட அது ஒன்றுதான் இருக்கும், அணைக்காதீர்கள். செருப்பு விஷயத்துக்கும் இதே பதில்தான். பல கிலோமீட்டர் காற்றைக் கிழித்துக்கொண்டு வந்த மின்சாரத்துக்கு உங்கள் செருப்பின் அரை அங்குல ரப்பர் ஒரு தடையா?

இப்போது மண்ணுக்கு வருகிறேன்.

மின்னல் தாக்கி இறந்தார் என்றால் உச்சந்தலையில் நேராக விழுந்தது என்றுதான் நினைப்போம். மின்னல் காயங்களை ஆராய்ந்த மருத்துவர்களின் மதிப்பீட்டில் அப்படி நேரடியாக அடிபடுபவர்கள் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் இல்லை. ஏறக்குறைய பாதிப் பேரைத் தாக்குவது தரை வழியாகப் பரவும் மின்சாரம். இன்னொரு முப்பது சதவீதம் பேரை மரம் மாதிரி பக்கத்தில் இருக்கும் உயரமான பொருளிலிருந்து பக்கவாட்டில் தாவி அடிக்கிறது. பச்சை மரத்தைவிட மனித உடம்பு மின்சாரத்துக்கு எளிய வழி. அடிமரம் வழியாக இறங்கிக்கொண்டிருப்பது பாதியிலேயே அந்த எளிய வழிக்குத் தாவும். மரத்தில் சாய்ந்து நின்றால்தான் ஆபத்து, ரெண்டு அடி தள்ளி நின்றால் சரி என்று நினைக்கிறவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

தரையில் இறங்கிய மின்சாரம் நாலாபுறமும் பரவும், பரவப் பரவ மின்னழுத்தம், அதாவது வோல்டேஜ், குறையும். ஒரு கால் இருக்கும் இடத்தில் ஒரு அழுத்தம், மற்றக் கால் இருக்கும் இடத்தில் வேறு அழுத்தம் என்றால், மின்சாரம் ஒரு கால் வழியாக ஏறி இன்னொரு கால் வழியாக இறங்கும். லைன் வேலையில் இதை ஸ்டெப் வோல்டேஜ் என்போம். அறுந்து விழுந்த லைன் பக்கத்தில் காலைச் சேர்த்து வைத்துச் சின்னச் சின்ன அடியாக நகரச் சொல்வது இதனால்தான்.

நம் ஊரில் இது ஏன் கூடுதல் ஆபத்து என்றால், மண் அப்படி. ஈரக் களிமண்ணில் மெக்கர் 50, 100 ஓம்-மீட்டர் (மண்ணின் தடையைச் சொல்லும் அலகு) காட்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிச் சரளை மேடுகளில், ஒரு முழம் தோண்டினால் பாறை தட்டுகிற இடங்களில், ஆயிரத்தைத் தாண்டிப் போகும். எர்த் கிடைக்காமல் உப்பும் கரியும் கொட்டி, குழிக்கு மேல் குழி போட்ட கதை இங்கே லைன் வேலை பார்த்த எல்லாரிடமும் இருக்கும். தடை கூடினால் மின்சாரம் ஆழத்துக்குப் போகாமல் மேல்மட்டத்திலேயே பரவும், அடிக்கு அடி அழுத்த வித்தியாசமும் கூடும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஆயிரம் ஓம்-மீட்டர் மண்ணில் நிற்கும் மரத்தின் வழியாக 30,000 ஆம்பியர் இறங்குகிறது. மரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி ஒருவர் அரை மீட்டர் கால் அகட்டி நிற்கிறார். அவருடைய இரண்டு கால்களுக்கும் இடையில் ஏறக்குறைய 5,800 வோல்ட் வரும். அதே இடத்தில் ஒரு மாடு நின்றால் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் ஒன்றரை மீட்டர் இடைவெளி, அதற்கு 16,000 வோல்ட்டுக்கு மேல். அதோடு மனிதனுக்கு மின்சாரம் காலில் ஏறிக் காலில் இறங்கிவிடும், மாட்டுக்கு வழியில் இதயம் இருக்கிறது. களிமண்ணாக இருந்தால் இந்த வோல்டேஜ் எல்லாம் பத்தில் ஒரு பங்கு. நேரம் மிகமிகக் குறைவு என்பதால் எல்லா அடியும் உயிரை வாங்குவதில்லை. ஆனால் 20 மீட்டர் என்பது பாதுகாப்பான தூரம் இல்லை என்று புரிந்துகொள்ள இது போதும். 2016 ஆகஸ்டில் நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்தில் 323 பனிமான்கள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் தனித்தனியாக மின்னல் விழவில்லை. இடிக்குப் பயந்து ஒன்றோடொன்று ஒட்டி நின்ற மந்தையைத் தரை மின்சாரம் மொத்தமாகச் சாய்த்துவிட்டது.

உங்கள் பாறை இடுக்குக்கு வருகிறேன். கருங்கல் மின்சாரத்தை எளிதாக உள்ளே விடாது. மலையுச்சியில் மின்னல் விழுந்தால் மழையில் நனைந்த மேல்பரப்பு வழியாக, நீர் வழிகிற வெடிப்புகள் வழியாகக் கீழே ஓடும். வழியில் ஒரு குடைவு வந்தால் அதைச் சுற்றி வளைத்துப் போகாது, மேல் விளிம்பிலிருந்து கீழே தரைக்குத் தாவும். பைக்கின் ஸ்பார்க் பிளக்கில் இரண்டு முனைகளுக்கு நடுவே பொறி தாவுகிறதே, அந்த இடைவெளியில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தீர்கள். முதுகைப் பாறையில் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, ஒருவரோடு ஒருவர் தோள் உரச உட்கார்ந்தால் பொறிக்கு வேலையே மிச்சம். உச்சியில் இருக்கும் இடிந்த மண்டபம், கோட்டைச் சுவரின் காவல் மாடம், மல்லசந்திரம் பக்கத்துக் கல்திட்டைகள் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். 2021 ஜூலை 11 அன்று ஜெய்ப்பூர் ஆமேர் கோட்டை எதிரே மலைமேல் காவல் கோபுரத்தில் மழையை ரசித்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தவர்கள்மேல் மின்னல் விழுந்து 11 பேர் இறந்தார்கள். கோட்டை கட்டியவன் எதிரியைப் பார்க்க வசதியாக ஊரிலேயே உயரமான இடத்தைத் தேர்ந்தெடுத்தான். மின்னலுக்கும் அதே இடம்தான் வசதி.

சரி, மலையில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? உண்மையைச் சொன்னால், உச்சிக்குப் போனபின் நல்ல வழி எதுவும் இல்லை, மோசமான வழிகளில் குறைந்த மோசத்தைத் தேர்ந்தெடுக்கலாம், அவ்வளவுதான். உச்சியையும் முகட்டையும் விட்டு உடனே இறங்குங்கள். படிக்கட்டில் இரும்புக் கைப்பிடி இருந்தால் தொடாதீர்கள். தண்ணீர் வழியும் பாதையில் நிற்காதீர்கள். தனியாக நிற்கும் மரத்தடி வேண்டவே வேண்டாம், ஒரே உயரத்தில் அடர்ந்த புதர்க்காட்டு வழி பரவாயில்லை. மிக முக்கியமாக, கூட்டமாக இறங்காதீர்கள். ஆளுக்கு ஆள் 15 மீட்டராவது விட்டு, ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரிகிற மாதிரி வாருங்கள். அப்போதுதான் ஒருவருக்கு அடிபட்டால் முதலுதவி செய்ய மற்றவர் நிற்பார்.

காலைச் சேர்த்துக் குந்தி, காதைப் பொத்திக்கொள் என்று பள்ளிக்கூடப் படங்களில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஓட ஒரு இடமும் இல்லாதபோது, தலைமயிர் சிலிர்த்து எழுகிறது, பக்கத்துக் கம்பி 'உஸ்' என்று இரைகிறது என்கிற கடைசி நொடிக்கு அது சரி. மற்ற நேரத்தில் குந்தி உட்காரும் பத்து நிமிடத்தில் அரை கிலோமீட்டர் கீழே போயிருக்கலாம். தரையில் குப்புறப் படுப்பது மட்டும் கூடவே கூடாது. படுத்தால் நீங்களும் மேலே சொன்ன கணக்கில் மாடு ஆகிவிடுகிறீர்கள்.

இதற்கெல்லாம் மேல், நேரத்தைப் பாருங்கள். கோடையில் நம் பக்கம் மேகம் கட்டுவது பெரும்பாலும் மதியத்துக்கு மேல். காலையில் வெயில் சுள்ளென்று அடித்துப் புழுங்கினால் மூன்று, நான்கு மணிக்கு எங்காவது ஒரு மூலையில் கருக்கும். புரட்டாசி, ஐப்பசியிலும் இதே ஆட்டம் திரும்ப வரும். ஆகவே விடியும் முன் ஏறத் தொடங்கி பதினொரு மணிக்குள் அடிவாரத்துக்கு வந்துவிடுங்கள். சாயங்காலச் சூரியனை உச்சியிலிருந்து படம் எடுக்கும் ஆசையை மார்கழி, தை மாதத்துக்குத் தள்ளி வையுங்கள்.

தூரம் கணிக்க ஒரு வழி உண்டு. மின்னல் வெட்டியதும் எண்ணத் தொடங்குங்கள், இடி கேட்கிறவரை மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். நம் பாட்டிமார்கள் இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பார்கள், அர்ச்சுனன் பேர் பத்தையும் சொல்வார்கள். மின்னல் கண்ட நொடியில் ஆரம்பித்து, நொடிக்கு ஒரு பேராகப் பத்தையும் முடிக்கும்போது இடி கேட்டால் மூன்று கிலோமீட்டர் சொச்சம். அது பக்கம் தம்பி, தூரம் இல்லை. முப்பது நொடிக்குள் இடி கேட்டால், அதாவது பத்து கிலோமீட்டருக்குள் இருந்தால், அடுத்தது உங்கள் தலைக்கு மேல் விழலாம் என்பதுதான் உலகம் முழுக்கச் சொல்லும் கணக்கு. நடைமுறையில் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம். இடிச் சத்தம் காதில் விழுந்தாலே அதன் எல்லைக்குள் நீங்கள் இருக்கிறீர்கள், கிளம்புங்கள். தலைக்கு மேல் நீலவானம் இருக்கும்போதே பக்கத்து மேகத்திலிருந்து மின்னல் சாய்ந்து வந்து விழுவது உண்டு. மழை விடுவதும் மின்னல் விடுவதும் ஒன்று இல்லை. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். நடுவில் ஒரு இடி கேட்டால் மறுபடி முதலிலிருந்து அரை மணி.

கிரிக்கெட்டுக்கு வருவோம். வறண்ட ஏரிக்குள் எட்டுத்திக்கும் சமதரை, அங்கே உயரமான பொருள் நீங்கள்தான். கரையேறினால் வரிசையாகப் பனைமரம். இரண்டுமே மோசம். முதல் இடி கேட்டதும் ஆட்டத்தை நிறுத்த வேண்டும், "இந்த ஓவரோட முடிச்சிக்கலாம்" என்கிற பேச்சே கூடாது. பைக்கில் போவது பாதுகாப்பு இல்லை. ஆனால் ரெண்டு நிமிடத்தில் ஊருக்குள் போய்விடலாம் என்றால் மரத்தடியில் இருபது நிமிடம் நிற்பதைவிட அது மேல்.

ஒதுங்குவதற்கு உண்மையில் இரண்டே இடங்கள் உண்டு. ஒன்று, சுவரும் கூரையும் ஒழுங்காகக் கட்டிய, மின்வயரிங்கும் தண்ணீர்க் குழாயும் உள்ள வீடு, பள்ளிக்கூடம், கடை மாதிரியான கட்டடம். மின்னல் விழுந்தாலும் அந்த வயரும் குழாயும் அதைத் தரைக்குக் கொண்டுபோகும். அதனாலேயே உள்ளே இருக்கும்போது குழாயைத் திறப்பது, குளிப்பது, ஸ்விட்சைத் தொடுவது, வாசலில் நின்று மழையை வேடிக்கை பார்ப்பது எல்லாம் கூடாது. இரண்டாவது, இரும்புக் கூரையோடு கண்ணாடி ஏற்றிய கார், வேன், பஸ். காப்பாற்றுவது டயர் இல்லை, ஆளைச் சுற்றியிருக்கும் இரும்புக் கூடு. மின்னல் வெளிப்புறத் தகட்டிலேயே ஓடித் தரைக்கு இறங்கிவிடும். உள்ளே கைகளை மடியில் வைத்துக்கொண்டால் போதும். ஆட்டோ, திறந்த டிராக்டர், பைக் இதில் சேராது.

வயல்வெளியில் எல்லோரும் கேட்பது மோட்டார் ரூமைப் பற்றி. கான்கிரீட் போட்டிருக்கிறதே என்பார்கள். ஆனால் அந்தச் சின்ன அறைக்குள் மூன்று பேஸ் லைன் வருகிறது, ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கிறது, போர் குழாய் பூமிக்குள் போகிறது. லைனில் எங்கேயோ விழுந்தது இந்தப் பெட்டியில் வந்து வெடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். கருகிய ஸ்டார்ட்டரைத் திறந்தால் உள்ளே காயில் கரிக்கட்டையாக இருக்கும், பின்னால் சுவரில் ஒரு கறுப்பு நாக்கு நீண்டிருக்கும். அந்தச் சுவரில்தான் ஆட்கள் சாய்ந்து நிற்கிறார்கள். பக்கத்தில் வீடோ காரோ இருக்கும்போது மோட்டார் ரூமைத் தேடிப் போகாதீர்கள். ஓசூர், தளி பக்கத்து ரோஜாப் பசுமைக்குடில்களும் அப்படித்தான். இரும்புக் குழாய் எலும்புக்கூட்டின்மேல் பிளாஸ்டிக் போர்த்தியது வீடு ஆகாது. கல்தூணும் கம்பியும் கட்டிய பந்தல், தோட்டத்துக் கம்பிவேலி, யானைக்காக இழுத்த சோலார் வேலி எதையும் தொடாதீர்கள். நூறு மீட்டர் தள்ளி விழுந்ததைக்கூடக் கம்பி கொண்டுவந்து கையில் கொடுக்கும்.

ஒகேனக்கல்லில் பரிசலில் இருந்தாலும், கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தாலும் பதில் ஒன்றுதான், தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள். பரிசலோட்டி திரும்பலாம் என்றால் காசு கொடுத்தோமே என்று சண்டை போடாதீர்கள்.

அம்மாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டீர்கள். "ஆட்டை விட்டுட்டு ஓடி வந்துடுங்க" என்று சொல்வது எனக்குச் சுலபம். இருபது ஆடு என்பது வீட்டின் சேமிப்பு, பள்ளிக்கூடக் கட்டணம், தங்கை கல்யாணம் எல்லாம் அதுதான். எந்த அம்மாவும் விட்டுவிட்டு வரமாட்டார். அதனால் இப்படிப் பேசிப் பாருங்கள். சித்திரை, வைகாசியிலும் புரட்டாசி, ஐப்பசியிலும் தூரத்து மேய்ச்சலைக் காலையில் முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் ஊரையொட்டி மட்டும் மேய்க்கலாம். மேற்கே கருத்தாலும் கிழக்கே கருத்தாலும் முதல் உறுமலுக்கே பட்டிக்குத் திருப்பிவிட வேண்டும். நடுவழியில் பிடித்துக்கொண்டால் ஆடுகள் தானாகப் போய்ப் புளியமரத்தடியில் அடையும். அவற்றைத் தடுக்க முடியாது, ஆனால் அம்மா கூடவே போய் நிற்கக் கூடாது. மரத்தின் உயரத்தைப்போல் ரெண்டு மடங்காவது தள்ளி, தாழ்வான இடமாகப் பார்த்து, கால் சேர்த்து இருக்கட்டும். குடையை விரித்து உயர்த்திப் பிடிக்க வேண்டாம், தொரட்டியைக் கீழே போட்டுவிடட்டும். நனைந்தால் சளிதானே பிடிக்கும். கன்றையோ ஆட்டையோ கம்பிவேலியில் கட்டி வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் விடச் சொல்லுங்கள்.

ஒருவேளை ஆடு மாடு அடிபட்டுச் செத்தால் அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள். வி.ஏ.ஓ.வுக்குச் சொல்லி, கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று கொடுத்தபின் புதையுங்கள். அந்தக் காகிதம் இல்லாமல் நிவாரணம் கேட்டு அலைவது வீண்.

மாங்காய் அறுப்புக்கும் இதோடு ஒரு வார்த்தை. தோப்பில் எல்லா மரமும் ஒரே உயரம், அதனால் பயமில்லை என்பார்கள். தனிமரத்தைவிடப் பயம் குறைவு, இல்லாமல் போவதில்லை. மரத்தின் மேல் நிற்பவர் மின்னல் வரும் வழியிலேயே நிற்கிறார். மேஸ்திரி லோடு கணக்கைப் பார்க்காமல் ஆட்களை இறக்கி, வந்த வேனுக்குள் ஏற்ற வேண்டும். திறந்த லாரியின் பின்பக்கம் ஏற்றுவதில் பயனில்லை.

அடுத்து முதலுதவி. இதை மட்டும் பத்துப் பேரும் மனப்பாடம் செய்யுங்கள். லைன் ஷாக் அடித்தவரை நேராகத் தொடக் கூடாது, முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும் என்று நாங்களே ஊர் ஊராகச் சொல்லி வைத்திருக்கிறோம். அந்தப் பயம் மின்னலிலும் ஒட்டிக்கொண்டு, அடிபட்டவரைச் சுற்றி நின்று பார்க்கிறார்கள். மின்னல் அடித்த உடம்பில் மின்சாரம் தங்காது. அடுத்த நொடியே தாராளமாகத் தொடலாம். தொடாமல் விடுவதுதான் சாகடிக்கும்.

மின்னல் இதயத்தையும் மூச்சையும் ஒரேயடியாக நிறுத்திவிடும். இதயம் பல நேரம் தானாகத் திரும்ப ஓடத் தொடங்கும். மூச்சை இயக்கும் மூளைப் பகுதி எழுந்திருக்க அதைவிட நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் மூச்சுக் காற்று கிடைக்காமல், ஓடத் தொடங்கிய இதயம் மறுபடி நின்றுவிடும். ஆகவே ஆள் அசையவில்லை, மூச்சு இல்லை என்றால் ஒருவர் 108-ஐக் கூப்பிட, மற்றவர் உடனே நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் அடுக்கி வைத்து, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். முப்பது அழுத்தத்துக்கு இரண்டு முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை ஆள் மாற்றி ஆள் செய்யுங்கள். அஞ்செட்டி மலைப் பக்கம் என்றால் அது நீண்ட நேரமாகும், கை ஓய்ந்தாலும் விடாதீர்கள். இன்னும் மின்னல் வெட்டிக்கொண்டிருந்தால் முதலில் ஆளை மரத்தடியிலிருந்து இழுத்துவிடுங்கள்.

பலர் ஒரே நேரத்தில் அடிபட்டால், கத்துகிறவரிடம்தான் கூட்டம் ஓடும். கத்துகிறவருக்கு மூச்சு இருக்கிறது, அவர் பிழைப்பார். சத்தமில்லாமல் கிடப்பவரிடம் முதலில் போங்கள். மற்ற விபத்துகளில் உயிர் போய்விட்டது என்று ஒதுக்கிவிடும் ஆள், மின்னலில் எழுந்து உட்கார வாய்ப்புள்ளவர். சிலருக்குக் கால் செயலற்று நீலம் பாரித்துப் போகும், பெரும்பாலும் சில மணி நேரத்தில் திரும்பிவிடும். உடம்பில் வேர் பரவிய மாதிரிச் சிவப்புக் கோடுகள் தெரிந்து ஒன்றிரண்டு நாளில் மறையும். சாமி குத்தம் என்று யாராவது கிளப்புவார்கள், காதில் வாங்காதீர்கள். எழுந்து நடந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். காது ஜவ்வு கிழிந்திருக்கலாம், இதயத் துடிப்பில் கோளாறு இருக்கலாம், கண்ணில் புரை பிறகு வரலாம்.

கோயில் கோபுரக் கலசத்துக்குள் வரகு இருக்கிறது, அது மின்னலை உள்வாங்கி ஊரையே காக்கும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருடா வருடம் சுற்றும். கலசம் உயரத்தில் இருப்பதால் மின்னல் அதில் விழ வாய்ப்பு அதிகம், அதுவரை உண்மை. விழுந்ததை மண்ணுக்குக் கொண்டுபோக செம்புப் பட்டையும் எர்த் குழியும் வேண்டும், வரகு அந்த வேலையைச் செய்யாது. முறையாக இடிதாங்கி போட்ட கோபுரம்கூடத் தன்னைக் காத்துக்கொள்ளும், தன் காலடியில் கொஞ்ச தூரத்தைக் காக்கும், ஊரைக் காக்காது.

கோயில் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடப்பதும் பல ஊர்களில் இதே கோடை மாதங்களில்தான். வெட்டவெளி மைதானத்தில் அர்ச்சுனன் தபசு மரம் நடுவார்கள். அதன் உச்சிக்கு ஒருவர் ஏறுவார், சுற்றிலும் ஊரே உட்கார்ந்திருக்கும், கம்பத்தில் ஹாரன் ஸ்பீக்கர், அதிலிருந்து வயர், வயர் முனையில் மைக் பிடித்த ஆள். விழாக் குழுவில் உங்களுக்குத் தெரிந்தவர் இருந்தால் பேசிப் பாருங்கள். இடி கேட்டால் மரத்திலிருந்து ஆளை இறக்கி, மைக்கில் ஒரு அறிவிப்புச் செய்து, ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டுக் கூட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்கோ வீடுகளுக்கோ அனுப்ப வேண்டும். அரை மணி கழித்து மீண்டும் தொடங்கினால் கதை எங்கும் ஓடிவிடாது.

போனில் 'தாமினி' என்ற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது, இலவசம். உங்கள் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டர் வட்டத்தில் மின்னல் விழுகிறதா என்று காட்டும். சென்னை வானிலை ஆய்வு மையம் அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மாவட்ட வாரியாக வெளியிடும் இடி மின்னல் அறிவிப்பையும் கிளம்பும் முன் பாருங்கள். மலையில் சிக்னல் போய்விட்டால் இரண்டும் உதவாது, காதும் கண்ணும்தான்.

அடுத்த வாரம் வத்தல்மலை என்றீர்கள். பத்துப் பேரும் பைக்கில் போகாமல் ஒரு காரோ வேனோ கூட வரட்டும், மேலே நிறுத்துகிற இடத்திலிருந்து அதிக தூரம் போகாதீர்கள். மலைமேல் ஊர்களில் பள்ளிக்கூடமும் கான்கிரீட் வீடும் எங்கே இருக்கின்றன என்று போனவுடன் பார்த்து வையுங்கள். திரும்பலாம் என்று சொல்லும் பொறுப்பை ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் சொன்னால் மற்ற ஒன்பது பேரும் எதிர்ப்பேச்சு பேசாமல் கிளம்ப வேண்டும். குழுவிலேயே அதிகம் பயப்படுகிற ஆள் யாரோ அவருக்கே அந்தப் பொறுப்பைக் கொடுங்கள்.